ஆப்பிரிக்க சஃபாரி: சீசனைத் தீர்மானிப்பது தண்ணீர்

ஆகஸ்ட் மாதத்துக் காலை. கென்யாவின் மசாய் மாரா காப்பகம். மாரா ஆற்றின் செங்குத்தான மண்கரை மேல் வில்டபீஸ்ட் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. பின்னால் வந்து சேர்பவை முன்னால் நிற்பவற்றைத் தள்ள, முன்வரிசை விலங்குகள் குளம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீரை முகர்கின்றன. கீழே, சேறு கலங்கிய நீரில் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய முதலைகள் கிடக்கின்றன. எதிர்க்கரையில் கூரை திறந்த லேண்ட் க்ரூஸர்கள் வரிசைகட்டி நிற்க, ஒவ்வொன்றிலும் தலைக்கு மேல் தலையாகக் கேமராக்கள். வயர்லெஸ்ஸில் சுவாஹிலிப் பேச்சு ஓயவில்லை. ஒரு வரிக்குதிரை இறங்கி, முழங்கால் நீரில் நின்று யோசிக்கிறது. எதையோ கண்டு மிரண்டு, வந்த வழியே மேட்டுக்கு ஓடுகிறது. அவ்வளவுதான். மொத்த மந்தையும் திரும்பிக்கொண்டு புழுதியைக் கிளப்பிப் போய்விடுகிறது. விடியலிலிருந்து காத்துக்கிடந்த வண்டிகள் ஒவ்வொன்றாக இன்ஜினை முடுக்குகின்றன. மந்தை நாளைக்காவது ஆற்றில் இறங்குமா என்று எந்த டிரைவராலும் சொல்ல முடியாது.

இந்த ஆற்றுக் கடப்புக்காகத்தான் உலகமே ஜூலை முதல் அக்டோபர் வரை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் படையெடுக்கிறது. மசாய் மாராவை நிர்வகிக்கும் நாரோக் கவுண்டி 2024-ல் இதற்குத் தகுந்தாற்போல் கட்டணத்தைப் பிரித்தது. வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர்; ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். விலை எப்போது கூடுகிறதோ அப்போதுதான் காடும் நன்றாக இருக்கும் என்று வாசகர் நினைத்துக்கொள்வது இயல்பு. டூர் கம்பெனிகளின் கையேடுகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கட்டணப் பட்டியல் கூட்டத்தைப் பார்த்து எழுதப்படுவது. விலங்குகள் தண்ணீரையும் புல்லையும் பார்த்து நகர்பவை. இரண்டும் ஒன்றுசேரும் இடங்கள் உண்டு, சேராத இடங்களும் நிறைய உண்டு. ‘ஆப்பிரிக்காவுக்கு எந்த மாதம் போகலாம்?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மாதம் தானாக அமையும்.

மழைக்குப் பின்னால் நடக்கும் மந்தை

நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் மழைக்காலம் இரண்டு: மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, நவம்பர், டிசம்பரில் குறுகிய மழை. தெற்கே ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, க்ரூகர் பூங்கா உள்ள தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு ஆகிய இடங்களில் மழை ஒன்றுதான். நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் ஓய்கிறது. கண்டம் முழுக்க ஒரே சீசன் என்று பேசுவது, காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே பருவம் என்று சொல்வதைப் போல.

மழையைத் தொடர்ந்து விலங்குகள் நகர்வது தான்சானியாவின் செரெங்கெட்டியில் கண்கூடு. அதன் தெற்கே உள்ள குட்டைப்புல் வெளிகள் எரிமலைச் சாம்பல் படிந்தவை. மழை விழுந்ததும் முளைக்கும் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் மிகுதி. பால் கொடுக்க வேண்டிய தாய் விலங்குக்கு அதுதான் தேவை. ஆனால் அங்கே நிரந்தர ஆறு கிடையாது. மழை நின்றால் புல் காய்ந்துவிடும், குட்டைகளில் மிஞ்சும் நீர் உவர்த்துப்போகும். அதனால்தான் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும், இரண்டு லட்சம் அளவிலான வரிக்குதிரைகளும் வடமேற்காக நடந்து, கோடையிலும் வற்றாத மாரா ஆற்றை எட்டுகின்றன. அக்டோபர் கடைசியில் வானம் இருண்டதும் தெற்கே திரும்புகின்றன. ஆற்றுக் கடப்பு என்பது தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்து தப்பிக்கும் பயணத்தின் நடுவில் வரும் ஓர் அத்தியாயம் மட்டுமே.

அந்தப் பயணத்தின் தொடக்கம் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை தெற்குச் செரெங்கெட்டியின் இந்துட்டு பகுதியில் நடக்கிறது. வில்டபீஸ்ட் கன்றுகளில் பெரும்பான்மை இரண்டு, மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். தாய் நின்றபடியே முக்கும், பாதி படுக்கும். கன்று நனைந்த உடம்போடு புல்லில் விழும். நாலு கால்களும் நாலு திசைக்கு வழுக்க, விழுந்து எழுந்து சில நிமிடங்களில் நின்றுவிடும். சற்று நேரத்தில் தாயோடு ஓடும். ஓடாவிட்டால் பிழைக்காது, ஏனென்றால் நூறடி தள்ளிக் கழுதைப்புலி நிற்கிறது. இத்தனை கன்றுகள் ஒரே சமயத்தில் பிறப்பதே ஒரு தற்காப்பு. சிங்கமும் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் தீராத எண்ணிக்கை அது. வேட்டை பார்க்க வேண்டும், மறைப்பில்லாத வெளியில் பார்க்க வேண்டும் என்பவருக்கு ஆகஸ்டின் ஆற்றங்கரையை விட பிப்ரவரியின் இந்தப் புல்வெளிதான் மேல். புல் முழங்கால் உயரம்கூட இருக்காது.

▪ பெட்டிச் செய்தி: மாரா ஆறு
கென்யாவின் மாவ் வனப் பகுதியில் பிறந்து தான்சானியாவில் விக்டோரியா ஏரியில் கலக்கிறது. 2001 முதல் 2015 வரையிலான பதிவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வின்படி, கூட்டமாக மூழ்கி இறக்கும் வில்டபீஸ்ட்கள் ஆண்டுக்குச் சராசரியாக 6,250. முதலைகள் தின்பது அதில் சிறு பங்குதான். மீதியில் ஒரு பகுதி மீனுக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் போகிறது. எலும்புகள் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரஸ் தருகின்றன.

வறட்சிதான் வசதியா?

வறண்ட காலமே சிறந்தது என்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இலை உதிர்ந்த காட்டில் பார்வை தூரம் போகும். தண்ணீர் சுருங்கச் சுருங்க விலங்குகள் மிஞ்சிய நீரைத் தேடி ஓரிடத்தில் திரளும். கோடையில் கபினி நீர்த்தேக்கத்தின் கரைக்கு யானைகள் வருவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் நீர்க்குழி ஒன்றின் அருகே வண்டியை நிறுத்திவிட்டால் போதும். யானை, வரிக்குதிரை, ஒரிக்ஸ், ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றாக முறைவைத்து வரும். அங்குள்ள ஒகாகுயோ முகாமின் நீர்க்குழிக்கு இரவில் விளக்கு போட்டிருக்கிறார்கள். சத்தமில்லாமல் கறுப்புக் காண்டாமிருகம் வந்து குடித்துவிட்டுப் போவதை நடு இரவில் பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். அதே எட்டோஷாவில் பிப்ரவரியில் நல்ல மழை பெய்தால் விலங்குகள் திக்குக்கொன்றாகச் சிதறிவிடும். அப்போது போகிறவர் பூநாரைகளுக்காகப் போக வேண்டும்.

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா இன்னும் கறாரானது. மழையில் ஆறு பெருகி மண்சாலைகள் முழுகுவதால் காட்டுக்குள் இருக்கும் முகாம்கள் பலவும் நவம்பரிலிருந்து மே வரை மூடியே கிடக்கும். நடைப் பயண சஃபாரிக்குப் பேர்போன இடம் அது. உயரப் புல்லுக்குள் யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யாரும் நடக்க மாட்டார்கள். இங்கெல்லாம் வறண்ட காலம்தான் என்பதில் விவாதமே இல்லை. ஆனால் அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது. பார்ப்பவருக்கு எது நல்ல மாதமோ அதுவே பல விலங்குகளுக்குக் கெட்ட மாதம். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் வற்றாத ஆறு கிடையாது. ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து பம்ப் செய்து நிரப்பும் குட்டைகளை நம்பித்தான் செப்டம்பர், அக்டோபரில் யானைகள் உயிர் வாழ்கின்றன. 2023-ல் மழை தள்ளிப்போனபோது அங்கே குறைந்தது 100 யானைகள் இறந்தன. கென்யாவில் 2022 பிப்ரவரி முதல் அக்டோபர் வரையிலான வறட்சியில் இறந்த யானைகள் 205 என்று அந்நாட்டு அரசே கணக்குச் சொன்னது. குட்டையைச் சுற்றி யானைக் கூட்டம் திரண்டு நிற்கும் புகைப்படங்களில் பசியும் சேர்ந்தே நிற்கிறது. அதற்காக வறண்ட காலத்தில் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பம்புக்கு டீசலும் சோலார் பலகையும் வாங்கப் பயணிகளின் பணமும் உதவுகிறது. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பது நல்லது.

மழையில்லாத மாதத்தில் வரும் வெள்ளம்

தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டு மாதக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குப் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவை விட நல்ல சான்று இல்லை. அங்கே வெள்ளம் வருவது மழைக்காலத்தில் அல்ல. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை ஆறுகளில் இறங்கி, மார்ச், ஏப்ரல் வாக்கில் டெல்டாவின் தலைப்பகுதிக்கு வருகிறது. தரை ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் நீர் ஊர்ந்து ஊர்ந்து பரவி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தைத் தொடுகிறது. அந்த மாதங்களில் உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது. சுற்றியுள்ள கலஹாரி மணல் காய்ந்து கிடக்க, நடுவில் நீர் விரிந்து நிற்கும். மொகோரோ எனப்படும் படகில் கோரைகளுக்கு நடுவே போக ஆசைப்படுபவர் இந்த வெள்ளத்தைப் பிடிக்க வேண்டும். இந்த நீர் கடலைச் சேர்வதே இல்லை. பெரும்பகுதி ஆவியாகிறது, மீதி மணலுக்குள் இறங்குகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-ஆவது இடமாகச் சேர்ந்தது இதுதான்.

விக்டோரியா அருவிக்கும் இதே பாடம். ஏப்ரல், மேயில் அருவி முழு வீச்சில் விழுகிறது, சாரலில் எதிரே நிற்பவர் முகமே தெரியாது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கத்துப் பாறை பெரும்பாலும் வெறுமையாகத் தெரியும். யானைக்காக அக்டோபரைத் தேர்ந்தெடுத்து, கூடவே அருவியையும் பேக்கேஜில் சேர்ப்பவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நெரிசலின் விலை

எல்லோரும் அதே சில மாதங்களில் ஒரே ஆற்றங்கரைக்குப் போவதால் என்ன குறைந்துபோகிறது? சிவிங்கிப்புலிகளைக் கேட்டால் தெரியும். மசாய் மாராவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் அதிகம் சுற்றும் பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் வளர்ந்து தனித்து வாழும் வயதை எட்டுகிறது என்றது. வண்டிகள் குறைவான பகுதிகளில் அந்த எண்ணிக்கை 2.3. இத்தனைக்கும் வண்டிகள் குட்டிகளை நேரடியாகக் கொல்வதில்லை. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. சுற்றி வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை தவறலாம், கிடைத்த இரையும் கழுதைப்புலிக்குப் போகலாம், குட்டிகள் பட்டினி கிடக்க நேரலாம். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகஸ்டில் அதை யார் எண்ணிப் பார்ப்பது?

2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கே கோகாடெண்டே பகுதியில், வண்டிகளை விட்டு இறங்கிய பயணிகள் ஆற்றங்கரையில் கும்பலாக நின்று மந்தையின் வழியையே அடைத்த காட்சி உலகமெங்கும் பரவியது. தான்சானியாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் அதைக் கண்டித்தது. பயணிகளையும் டிரைவர்களையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் ‘ஆற்றுக் கடப்பு கட்டாயம் காட்டுவோம்’ என்று விளம்பரம் கொடுத்து ஆளைக் கூட்டி வந்தால், கரையில் நிற்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம்.

நெரிசல் இல்லாத மாதங்களின் விளைவை வேறு கோணத்திலும் பார்க்க வேண்டும். மாராவைச் சுற்றி நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களை முகாம் நடத்துபவர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து, மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள். பதிலுக்கு அந்தக் குடும்பங்கள் நிலத்தில் வேலி போடுவதில்லை, விற்பதில்லை, மேய்ச்சலையும் கட்டுப்படுத்துகிறார்கள். குத்தகைப் பணம் மாதாமாதம் போக வேண்டும். பயணிகளோ சில மாதங்கள்தான் நிரம்பி வழிகிறார்கள். 2020-ல் கொரோனாவால் வரவு நின்றபோது இந்த ஏற்பாடே ஆட்டம் கண்டது. பிப்ரவரியிலோ ஜூனிலோ வரும் ஒரு பயணியின் பணம், வரவு குறைந்த மாதங்களின் குத்தகையை அடைத்து நிலத்தை வேலியில்லாமல் வைத்திருக்க உதவுகிறது.

மழையில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு மழையை நம்பிப் போவதா என்ற கேள்வி நியாயமானது. எல்லா மழையும் ஒன்றல்ல. நவம்பர், டிசம்பரின் குறுகிய மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலைச் சவாரிக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. ஏப்ரல், மே அப்படியில்லை. மாராவின் தரை பெரும்பகுதி கரிசல். நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நாலு சக்கர இழுவை வண்டியையும் நிறுத்திவிடும். கோவில்பட்டிப் பக்கத்தவர்களுக்கு அந்த மண்ணின் குணம் தெரியும். 2024 மே முதல் தேதி தாலேக் ஆறு கரையுடைத்து மாராவின் முகாம்களுக்குள் புகுந்தபோது பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. எனவே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஏப்ரல் பாதியிலிருந்து மே இறுதி வரை கென்யாவுக்குப் போவதை இந்தக் கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

மலேரியா இன்னொரு எதிர்வாதம், அதுவும் சரியானதே. மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் கொசு பெருகும். சிறு பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் சீசனோடு போராடுவதை விட இடத்தை மாற்றிக்கொள்வது சுலபம்: தென்னாப்பிரிக்காவின் மடிக்வே, பிலன்ஸ்பெர்க், ஆடோ ஆகியவை மலேரியா இல்லாத காப்பகங்கள். யானை, சிங்கம், காண்டாமிருகம் மூன்றும் அங்கே உண்டு.

‘சரி, கணக்கெல்லாம் போட்டுப் போகிறோம், மழையே கணக்குத் தவறினால்?’ என்று கேட்பவருக்குத்தான் பதில் சொல்வது கடினம். பருவ அட்டவணை என்பது பல ஆண்டுகளின் சராசரி. 2019 கடைசியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தை விடச் சூடேறியதால் கிழக்கு ஆப்பிரிக்காவில் குறுகிய மழை பேய்மழையானது. அடுத்து 2020 முதல் 2022 வரை அந்தப் பகுதியில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 2024-ல் எல் நினோவால் தெற்கே கடும் வறட்சி. மக்களுக்கு இறைச்சி கொடுக்க நமீபியா அரசு 83 யானைகள் உட்பட 723 விலங்குகளைக் கொல்ல முடிவெடுத்தது. இப்படிப்பட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையில், ஒரு குறிப்பிட்ட காட்சிக்காக மட்டும் பணம் கட்டியவர்தான் அதிகம் இழக்கிறார். ஆண்டு முழுக்க விலங்குகள் தங்கும் ங்கோரோங்கோரோ பள்ளத்தையோ, சதுப்பு நீர் வற்றாத அம்போசெலியையோ பயணத்தில் சேர்த்துக்கொண்டவருக்கு மழை தவறினாலும் முழு ஏமாற்றம் இல்லை.

நம் விடுமுறையும் அந்த ஊர் மழையும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறைதான் முதல் காலண்டர். பெரிய விடுமுறை மேயில் வருகிறது. கென்யாவுக்கு மோசமான மாதம் அது. ஆனால் அதே மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் மழை ஓய்ந்து, புல் காயத் தொடங்கி, கொசு குறைந்து, ஐரோப்பியக் கூட்டம் இன்னும் வராமல் இருக்கும். விக்டோரியா அருவியும் நிறைந்திருக்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறை விழும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வடக்குச் செரெங்கெட்டி, லுவாங்வா, எட்டோஷா எல்லாமே உச்சத்தில் இருக்கும். நாட்கள் குறைவு என்பதால் ஒரே நாட்டைத் தேர்ந்துகொள்வது நல்லது. அரையாண்டு விடுமுறையில் தான்சானியா போகலாம். மந்தை தெற்கு வெளிகளுக்கு வந்துகொண்டிருக்கும், கன்றுகளை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. பள்ளிக்கூடக் கவலை இல்லாதவர்களுக்கு என் ஓட்டு பிப்ரவரிக்கு.

▪ பெட்டிச் செய்தி: கிளம்பும் முன்
கென்யா, உகாண்டா செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். ஜூன், ஜூலையில் க்ரூகரிலும் கலஹாரியிலும் விடியற்காலைக் குளிர் கடுமை. திறந்த வண்டியில் ஸ்வெட்டரும் குல்லாயும் இல்லாமல் தாங்காது.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தங்கும் முகாம் பெரிய காப்பகத்துக்குள் இருக்கிறதா தனிக் காப்பகத்திலா; அந்த மாதத்தில் அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது; எதிர்பார்த்த காட்சி கிடைக்காவிட்டால் வேறு என்ன பார்க்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஏஜென்டை மாற்றிவிடுங்கள்.